துஆ தெரியாத வண்டி

டோக்மோக்
ஞாயிறு காலை

அன்பு மருமகள் சல்தனாத்துக்கு, தாய்மாமன் ஷெர்காசி எழுதுவது.

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஓட்டுநர் உரிமம் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் தூலத்தின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆதாரம், இன்ஸ்பெக்டரேதான், நேற்று மாலை இழுப்பறையைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி பூட்டினார். கார் ஓட்டும்போது நான் தூங்கிவிட்டேன் என்று அவர் அறிக்கை எழுதப்போவதும் உறுதி. நான் தூங்கவில்லை என்பதும் உறுதிதான், ஆனால் அதற்கு இதுவரை கிடைத்த ஒரே ஆதாரம் நான்.

இனி முறைப்படி தொடங்குகிறேன். உன் ஆடுமாடுகள் நலமா, உயிர்கள் நலமா? உன்னிடம் இருப்பது பிஷ்கெக்கில் ஒன்பதாம் மாடியில் ஒரு பூனை மட்டுமே என்று தெரியும். ஆனாலும் மந்தையை விசாரிக்காமல் கடிதம் எழுதினேன் என்று கேள்விப்பட்டால் உன் அம்மா என்னை அண்ணன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுவாள். பூனை நலமா? இங்கே நான் நலம், உன் அத்தை சூரா நலம், பசு நலம். கார் நலமில்லை.

அந்தக் காரை உனக்குத் தெரியும். மகன் உலான் வசந்த காலத்தில் அனுப்பிவைத்த சீன மின்சாரக் கார். ரோட்டில் போட்ட கோட்டை விட்டு விலகாமல் தானே போகும், முன்னால் போகிற வண்டிக்குத் தானே இடைவெளி விடும். ஆனால் நான் ஸ்டீயரிங்கில் கை வைத்திருக்க வேண்டும், கண் ரோட்டின் மேல் இருக்க வேண்டும். அதாவது வேலை அதனுடையது, பொறுப்பு என்னுடையது. எங்கள் பத்திரிகை ஆபீசில் ஆசிரியருக்கும் எனக்கும் நாற்பது வருஷம் இதே ஏற்பாடுதான் இருந்தது, ஆகவே எனக்கு அது புதிதாகப் படவில்லை. தப்பு நடந்தது வேறொரு இடத்தில். டோக்மோக் ரோட்டில் அந்த மண் குவிமாடங்கள் உள்ள கபர்ஸ்தானைக் கடக்கும்போது, அங்கே அடங்கியிருக்கிறவர்களுக்காகக் கையேந்திப் பிரார்த்திக்காமல் யார்தான் போகிறார்கள்? பழைய வண்டியில் நான் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தைத் தடவி ஆமீன் சொல்லி முடித்துவிடுவேன். பாதி துஆ என்று உன் அத்தை குறைபட்டுக்கொள்வாள். புது வண்டி வந்த முதல் வாரமே அவள் கேட்டுவிட்டாள்: “இப்ப என்ன சாக்கு? அதுதான் தானா ஓடுதே. ரெண்டு கையையும் எடுங்க. அங்க படுத்திருக்கிறது எங்கப்பாவும் அம்மாவும்.”

எடுத்தேன். மறுக்க வழியில்லை. முதலில் மாமனார் மாமியாருக்கு மட்டும் கேட்டேன். பிறகு நேரம் மிச்சமிருந்ததால் என் பெற்றோருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, என் கட்டுரைகளைப் பாதியாக வெட்டிய அந்த ஆசிரியருக்குக்கூடக் கேட்கத் தொடங்கினேன். என் இளமையில் எத்தனையோ பேர் என்னைப் பக்திமானாக்கப் பார்த்துத் தோற்றார்கள். ஒரு பேட்டரி வண்டி ஒரே கோடையில் செய்து முடித்தது.

போன செவ்வாய்க்கிழமை சூராவின் கண்ணுக்கு ஊசி போட பிஷ்கெக் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கபர்ஸ்தான் வந்தது, இரண்டு பேரும் கையேந்தினோம். வண்டிக்குள் ஒரு பெண்குரல் உண்டு, ரஷ்ய மொழி பேசும். யாரோ அவசரத்தில் சொல்லிக்கொடுத்த ரஷ்ய மொழி. “மரியாதைக்குரிய ஓட்டுநரே, கைகளைத் திருப்பித் தாருங்கள்” என்றது. “சும்மா இரும்மா, துஆ நடக்குது” என்றாள் உன் அத்தை. நான் முடிக்கிற இடத்துக்கு வந்து இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடி மெதுவாகத் தடவினேன். அந்த நேரத்தில்தான் வண்டிக்குள் இருக்கிற கேமரா என் கண்ணைத் தேடியிருக்கிறது. கண்ணைக் காணோம், கையையும் காணோம். ஆள் தூங்கிவிட்டான் என்று அதுவே முடிவு செய்து, எல்லா விளக்கையும் மினுக்கிக்கொண்டு நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த எசென்கானின் பழைய ஜப்பான் வண்டி நிற்கவில்லை.

எசென்கான் நம்ம ஊர்தான், டோக்மோக்குக்கும் பிஷ்கெக்குக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓட்டிப் பிழைக்கிறவன். அன்று அவன் ஏற்றியிருந்தது ஆள் இல்லை, பேரனின் தொட்டில் விருந்துக்கு வாங்கிய கிடா. மோதின வேகத்தில் பின்கதவு திறந்து, கிடா குதித்து, நேராக கபர்ஸ்தானுக்குள் ஓடிவிட்டது. எசென்கான் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணே, அடி பட்டதா” இல்லை. “அண்ணே, ஆடு!”

சல்தனாத், விபத்து நடந்தவுடன் படம் எடுக்க வேண்டும், வண்டியை நகர்த்தக் கூடாது, சாட்சி பெயர் வாங்க வேண்டும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். நாங்கள் மூன்று பேரும் சமாதிகளுக்கு நடுவே ஆடு பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் மறியுங்க, இந்தப் பக்கம் விடாதீங்க என்று கத்தி, கடைசியில் ஊசி போட்ட கண்ணோடு உன் அத்தைதான் அதன் பின்னங்காலைப் பிடித்தாள். இதற்குள் பின்னால் வந்த புண்ணியவான்கள் வழி வேண்டுமென்று இரண்டு வண்டியையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். எசென்கானின் பின்கதவு மூடவில்லை, ஆகவே கிடாவை எங்கள் வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். இன்ஸ்பெக்டர் தூலத் வந்து குனிந்து உள்ளே பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்: “இதுல ஓட்டிட்டு வந்தது யாரு?”

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனால் அவர் கையில் ஒரு தாள். வண்டி தன் பதிவைத் தானே கார் விற்ற கடைக்கு அனுப்பிவிட்டதாம், கடைக்காரர்கள் இவருக்கு அனுப்பிவிட்டார்களாம். அதில் ஒரே வரி: கைகள் இல்லை, கண்கள் இல்லை, ஓட்டுநர் தூக்கம்.

“பெரியவரே, வண்டி பொய் சொல்லுமா?” என்றார்.

“தம்பி, அது பொய் சொல்லலை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லுது. எங்க பத்திரிகையிலேயும் அப்படி ரெண்டு பேர் இருந்தாங்க. நான் துஆ கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“நானும் இருபது வருஷமா அதே ரோட்டுலதான் போறேன். எங்கப்பாவே இப்ப அங்கதான் இருக்கார். ஒரு நாள் ஸ்டீயரிங்கை விட்டிருப்பேனா? மனசுக்குள்ள கேட்டுக்குவேன். சட்டம் சட்டம்தான்.”

மனசுக்குள் கேட்டுக்கொள்வேன் என்று அவர் சொன்னதற்கு உன் அத்தை ஸ்டேஷனிலேயே பதில் சொன்னாள்: “செத்தவங்களுக்குக் கேக்குதோ இல்லையோ, பக்கத்து சீட்டுல இருக்கிறவளுக்குத் தெரிய வேணாமா?”

பிறகு கார் விற்ற கடைக்குப் போன் செய்தேன். அந்தப் பதிவைத் திருத்துங்கள், துஆ என்று போடுங்கள் என்றேன். மேலாளர் நல்ல பிள்ளை, பொறுமையாகப் பேசினார். “ஐயா, அந்த வண்டிக்குத் தெரிஞ்சது மூணுதான். தூக்கம், போன், சிகரெட். துஆன்னு ஒண்ணு அதுல இல்லை. வேணும்னா தொழிற்சாலைக்கு எழுதறேன். சிகரெட்னு மாத்த முடியுமான்னு கேக்கட்டுமா? அதுக்குத் தண்டனை கம்மி.” என் வாழ்க்கையில் நான் சிகரெட் தொட்டதில்லை. செய்யாத குற்றங்களில் மலிவானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பக்கத்தில் நின்ற உன் அத்தை, “தூக்கம்னே இருக்கட்டும். சிகரெட்னா யாரும் நம்பமாட்டாங்க. தூங்கினார்னா ஊரே நம்பும், கல்யாணத்தன்னிக்கே தூங்கினவர்” என்றாள். அவளை சாட்சியாக அழைக்க வேண்டாம் என்று இப்போதே உன்னிடம் சொல்லிவைக்கிறேன்.

சிரிக்காதே. தூக்கம் என்று அறிக்கை போய்விட்டால் இந்த வயதில் உரிமம் திரும்ப வராது. உன் அத்தைக்கு அடுத்த ஊசி அக்டோபரில். தவறவிட்டால் இடது கண் அவ்வளவுதான் என்று டாக்டர் என் முன்னாலேயே சொன்னார், நர்ஸும் சொன்னாள், இது இரண்டு ஆதாரங்களால் உறுதி செய்யப்பட்டது. அந்த மருத்துவமனைக்கு விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டும்; அந்த நேரத்துக்கு இங்கிருந்து பஸ் இல்லை. இரவு எழுந்து அடுப்படியில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள், கேட்டால் விளக்கு போட சோம்பல் என்கிறாள். நான் நம்புவதாக நடிக்கிறேன்.

இனிமேல்தான் உன் சட்டப் படிப்புக்கு வேலை. அந்த வண்டிக்குப் பின்பக்கமும் ஒரு கேமரா இருக்கிறது. அந்தப் பதிவு எனக்கு மட்டும்தான் வரும், நேற்றுத்தான் போனில் திறந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவு. எசென்கான் வருகிறான், அவனும் இரண்டு கையும் ஏந்தியிருக்கிறான், அவனும் முகத்தைத் தடவுகிறான், தடவிக்கொண்டே வந்து மோதுகிறான். இதைக் காட்டினால் போதும்: அந்த இடத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், தூங்கவில்லை என்று யாருக்கும் புரிந்துவிடும். ஆனால் அவன் வண்டியில் மூளை கிடையாது, கையை எடுத்தால் எடுத்ததுதான். இதுவரை அவன்மீது பெரிய பழி இல்லை, முன்னால் போனவன் தூங்கி நிறுத்திவிட்டான் என்பதால். இந்தப் படம் வெளியே வந்தால் அவன் உரிமமும் அதே இழுப்பறைக்குள் போகும், அவன் வீட்டு அடுப்பு அணையும்.

அவனிடமே கேட்டுவிட்டேன். முற்றத்தில் உட்கார்ந்து நசுங்கின பானெட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.

“காட்டிடுங்க அண்ணே.”

“காட்டினா நீ என்ன செய்வே?”

“ஆடு மேய்ப்பேன். அதான் அக்காவே பிடிச்சுக் குடுத்துட்டாங்களே” என்றான். சிரித்தான். பிறகு சுத்தியலை எடுத்து, ஏற்கெனவே தட்டி நேராக்கின இடத்தையே மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

ஆகவே கேள்வி இது: நான் துஆ கேட்டேன் என்று நிரூபிக்க வேண்டும், அவன் கேட்டான் என்பது தெரியக் கூடாது. சட்டத்தில் இதற்கு வழி உண்டா? நீ ஏழு வயதில் எங்கள் வீட்டுச் சேவலைத் தூக்கிக்கொண்டு போனாய், தாய்மாமன் வீட்டில் மருமகள் கேட்டதைத் தடுக்கக் கூடாது என்று யாரும் பேசவில்லை. பதினைந்து வயதில் சைக்கிள். கல்லூரிக்குப் போகும்போது என் டைப்ரைட்டர், அதை நீ உபயோகித்ததாக எந்தத் தகவலும் இல்லை. எதற்கும் நான் முகம் சுளித்ததில்லை. இன்றைக்கு முதல் தடவையாக மாமன் பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். அறிக்கை புதன்கிழமை போகிறது, அதற்குள் கிளம்பி வா.

இன்ஸ்பெக்டர் இன்று மத்தியானம் எங்களை அந்த இடத்துக்கே அழைத்துப்போய்ப் பார்க்கப்போகிறார். என் வண்டியை அவரே ஓட்டுவாராம். கையை எடுக்காமலும் ஒரு மனிதன் அந்த வழியே போகலாம் என்று எனக்குக் காட்ட வேண்டுமாம்.

உன் பாதை திறந்திருக்கட்டும், உன் வழக்குகள் வெல்லட்டும், உன் பூனை நூறு பூனையாகட்டும். அம்மாவிடம் என் சலாம் சொல். விபத்தைப் பற்றிச் சொல்லாதே.

உன் தாய்மாமன்,
ஷெர்காசி

பின்குறிப்பு, ஞாயிறு மாலை: மேலே எழுதியதை மறந்துவிடு. கிளம்பி வா, ஆனால் கட்சிக்காரர் மாறிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், எசென்கான் தன் வண்டியில் பின்னால் வந்தான். “பாருங்க பெரியவரே, கையைப் பாருங்க” என்று ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். முதல் குவிமாடம் போனது, பிடி தளரவில்லை. பாதி கபர்ஸ்தான் போனது, தளரவில்லை. நான் என் வழக்கு போயிற்று என்றே நினைத்தேன். கடைசியில் ஒற்றைப் பாப்ளார் மரத்தடியில் ஒரு புதுச் சமாதி, அவர் அப்பாவுடையது, இன்னும் கல் வைக்கவில்லை. அதைப் பார்த்தார். அவருடைய இரண்டு கையும் எழுந்தன. அவர் எழுப்பவில்லை, சல்தனாத். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அவை தானே எழுந்தன. உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண்குரல் கைகளைத் திருப்பிக் கேட்டது. அவருக்குக் காதில் விழவில்லை. முகத்தை மூடினார், வண்டி நடுரோட்டில் நின்றது.

நல்லவேளை, எசென்கான் அதற்கு முன்னாலேயே தன் வண்டியை ஓரமாக நிறுத்தி, அதற்குப் பிறகுதான் கையேந்தியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் கைகளை மறுபடி ஸ்டீயரிங்கில் வைத்தார். பிறகு, “நீங்க தூங்கலை பெரியவரே. இதை நானே எழுதித் தரேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “நான் தூங்கலைன்னு யாரு எழுதித் தருவாங்க?” என்றார். வண்டியின் பதிவு எங்கள் கண்முன்னாலேயே கடைக்குப் போய்விட்டது: ஓட்டுநர் தூக்கம். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் அவர் தன் உரிமத்தையும் எடுத்து அதே இழுப்பறையில் என்னுடையதன் மேலேயே வைத்துப் பூட்டினார், சட்டம் சட்டம்தானாம். உன் நம்பர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவருக்கு நான்தான் சாட்சி. பின் கேமரா படத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

நிலுவையில் இருப்பது: இரண்டு பேரும் தூங்கினோமா இல்லையா என்ற முடிவு. எங்களை விசாரிக்க கான்ட் நகரத்திலிருந்து புது அதிகாரி வியாழக்கிழமை வருகிறார். அவர் வருவதற்கும் அந்த ஒரு ரோடுதான்.