எலும்போடு ஒரு பேரம்

இன்றைக்கும் பாதி ஓட்டத்தில் தேவகி அலையோரமே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு நெடுக வலி. பெண் போலீஸ் ஓட்டத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

"சரிவு மணல்ல ஓடுனா அப்டித்தான். தார் ரோட்ல ஓடு," என்றாள் அம்மா நாகம்மாள்.

ரோட்டில் ஓடினாள். வலி கூடியது. அண்ணன் ஷூவில் துணி திணித்து ஓடினாள். ஒரு கால் வலி இரண்டு காலுக்கும் வந்தது. தைலத்தைத் தேய்த்து, இறுகக் கட்டி, வலியை மிரட்டுவதுபோல இன்னும் வேகமாக ஓடினாள். மறுநாள் மீன் ஏலத்தில் நிற்க முடியாமல் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து விலை கூவினாள்.

"உக்காந்துனு ஏலம் வுட்டா எவன்டி வெல ஏத்துவான்?" என்று நாகம்மாள் மகளை மீஞ்சூர் பிசியோதெரபி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் ஹேமந்த் எலும்பை அழுத்திப் பார்த்தார். "முறிவு மாதிரி தெரியல. பழகாத கால திடீர்னு வெரட்டியிருக்கே. ஐஸ் வை. ஆறு வாரம் ஓடக்கூடாது."

முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவள் தேவகி.

"ஒரு வாரம் வெச்சுக்கோ சார்."

"இது இன்னா எறா கூறா? எலும்புமா!"

"ஒன்ற வாரம். எங்ககிட்ட இல்லாத ஐஸா?"

"நாலு."

"கட்டாது சார்." எழுந்து வாசலுக்கு நடந்தாள். கூப்பிடும்வரை நடப்பதுதான் பேரத்தில் பாதி. ஆனால் படி இறங்குவதற்குள் வலியில் கண்ணில் நீர் முட்டியது. யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தாள். இத்தனை நாள் காலோடு பேசியதும் பேரம்தான். கால் மட்டும் ஒரு பைசா இறங்கவில்லை.

"சரி, ரெண்டு வாரம். அதுல ஒரு நாள் கொறையாது," என்றார் ஹேமந்த். "அதுவரைக்கும் நீச்சல் அடி. அப்பறம் கொஞ்சம் நட, கொஞ்சம் ஓடு. வலிச்சா நிறுத்து."

இரண்டு வாரமும் அவள் ஓடவில்லை. பேசி முடித்த விலையிலிருந்து பின்வாங்குவது ஏலக்காரிக்கு அழகில்லையே. அலையில்லாத ஏரியில் நீந்தினாள், பிறகு மெல்ல ஓடிப் பார்த்தாள். வலி இல்லை.

மறுபடி காட்ட வந்தபோது, சீட்டு எழுதும் மார்கரெட்டிடம் பெருமை தாங்கவில்லை. "ஆறு வாரம் கேட்டாருக்கா. ரெண்டுக்கு அடிச்சு முடிச்சேன்!"

மார்கரெட் நிமிராமலே சொன்னாள்: "உன் காலுக்கு ரெண்டுதாம்மா வேணும். மீன்காரங்க வந்தா டாக்டர் மூணு பங்கா ஏத்தித்தான் ஆரம்பிப்பாரு. அவரும் எறா வித்த அம்மா படிக்க வெச்ச புள்ளதானே!"