அப்பிரதட்சணமாகச் சுற்றும் மில்லிங் மெஷின்

சிவமயம்

பேட்டை,
20-10-97

மதிப்பிற்குரிய மச்சான் ஞானசம்பந்தன் அவர்கள் சமூகத்துக்கு, பேட்டையிலிருந்து கார்த்திகேசன் பணிவோடு எழுதிக்கொள்வது. நெல்லையப்பர் காந்திமதியம்மை புண்ணியத்தில் நானும் தங்கள் தங்கை பிரம்மநாயகியும் சௌக்கியம். மெஷினும் சௌக்கியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தாங்கள் சென்னையிலிருந்து போட்ட கடிதத்தில் எங்கள் சௌக்கியத்தை ஒரு வரியில் விசாரித்துவிட்டு, மெஷினை எடைக்குப் போடுவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு வியாபாரியைக் கையோடு கூட்டி வருவீர்களாம். மெஷினை லாரியில் ஏற்றிவிட்டு ஷெட்டை எஸ்.டி.டி. பூத்துக்கு வாடகைக்கு விடுவீர்களாம். ஷெட் தங்கள் பெயரில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. உள்ளே நிற்கும் மெஷின் என் பெயரில் இருக்கிறது. பம்ப்செட் ஷாஃப்ட் தண்டில் புல்லி வழுக்காமலிருக்கப் பள்ளம் வெட்டி வெட்டித்தான் அது இத்தனை வருஷம் தங்கள் தங்கைக்கும் எனக்கும் சோறு போட்டது. பேங்கில் சாயந்திரம் பேனாவை மூடினால் தங்களுக்கு வேறு உலகம் இருக்கிறது. எனக்கு இல்லை. இது போய்விட்டால் காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவேன்? ஆகவே விற்க மாட்டேன்.

ஆனி மாசம் வோல்டேஜ் ஏறி இறங்கிப் பழைய மோட்டார் கருகினபோதே "இத்தோடு விட்டுவிடுங்கள்" என்று எழுதினீர்கள். விட்டேனா? கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். புது மோட்டார் ஒன்றும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் என்ற பெட்டி ஒன்றும் வாங்கி வந்தேன். முன்னே வேகம் மாற்ற வேண்டுமென்றால் பெல்ட்டைக் கழற்றி வேறு புல்லியில் மாட்டவேண்டும், விரல் நசுங்கும். இப்போது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு திருகு திருகினால் போதும். பெட்டி மட்டும் மூடிப்போன ஒரு மில்லிலிருந்து வந்த செகண்ட் ஹாண்ட். பட்டன்கள் மேலே ஜப்பான்காரன் எழுத்து. விற்றவர் ஓட்டுவதற்குப் பச்சை, நிறுத்துவதற்குச் சிவப்பு என்று காட்டிக்கொடுத்தார். மற்றதைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

விஜயதசமியன்று பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிப் பச்சையை அழுத்தினேன். ஜோராகச் சுற்றியது மச்சான், ஆனால் இடப்பக்கமாகச் சுற்றியது. தங்கள் தங்கை கன்னத்தில் கை வைத்துவிட்டாள். "என்னங்க, அப்பிரதட்சணமால்லா சுத்துது! கோயில்ல யாராவது இப்படிச் சுத்துவாவளா?" நான் விடவில்லை. "மேல இருந்து பாத்தாத்தான் இடம். தரையில படுத்துப் பாரு, வலமாத் தெரியும்" என்றேன். "அப்பம் நீங்க படுத்துக்கிட்டே வேலை பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள். நல்ல நாளும் அதுவுமாய் இப்படி ஆகிவிட்டதே என்று அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மெஷினில் மாட்டுகிற கட்டரின் பல்லோ வலமாகச் சுற்றுவதற்கென்று தீட்டினது. இடமாகச் சுற்றினதும் அது இரும்பை வெட்டாமல் தடவிக்கொடுத்தது. ஷெட் முழுக்கப் புகை.

பக்கத்து ஷெட் பம்ப்செட் மெக்கானிக் கொம்பையா வந்தார். "இதுக்கா மலைக்கிய அண்ணாச்சி? முக்கூடல் பக்கம் லைன்மேன் கம்பத்துல ஏறி இறங்குனாலே மறுநாள் பம்ப்செட்டெல்லாம் திருப்பித்தான் சுத்தும். மெயின்ல ரெண்டு வயரை மாத்திப் போட்டாச் சரியாப் போவும்" என்று மாற்றினார். இடம். வேறு இரண்டை மாற்றினார். மறுபடியும் இடம். வருகிற கரெண்டை எப்படிக் கொடுத்தாலும் பெட்டி வாங்கிப் போட்டுக்கொண்டு தன் இஷ்டத்துக்குத்தான் சுற்றுகிறது. பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற வயரை மாற்றலாம் என்றால், அதில் கை வைத்தால் கேரண்டி கிடையாது என்று விற்றவர் அரக்குச் சீல் வைத்திருக்கிறார். கொம்பையா ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். "சாமி குத்தமா இருக்கும் அண்ணாச்சி, வித்துருங்க." அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு வீம்பு இருந்தால் எனக்கு இருக்காதா? மெஷின் இடமாகத்தான் சுற்றும் என்றால் கட்டரும் இடமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று இடப்பக்கப் பல் வைத்த கட்டராகச் சொல்லிச் செய்து வரவழைத்துவிட்டேன். பழைய வலக்கட்டர் அத்தனையையும் கொம்பையா கையில் கொடுத்தேன், அவர் அன்றைக்கே தூத்துக்குடியில் தம்பி பட்டறைக்கு அனுப்பிவிட்டார். நேற்று இடக்கட்டரைப் போட்டு ஒரு ஷாஃப்டில் ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி வெட்டுது மச்சான்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாராளமாய் வாங்க. வியாபாரியையும் கூட்டிட்டு வாங்க. உங்க கண்ணு முன்னால பள்ளம் வெட்டிக் காட்டுதேன். வெட்டலைன்னா நானே மெஷினுக்குத் தோள் கொடுத்து லாரியில ஏத்திவிடுதேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். உங்க தங்கச்சி உங்க கட்சின்னு எனக்குத் தெரியும். அப்பிரதட்சணம் பார்த்த நாளிலிருந்து ஷெட்டுக்குள்ளேயே வரலை. பரவாயில்லை, நான் ஒருத்தன் போதும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதத்தையும் சொல்லவும். அம்பாள் தங்களுக்குத் தீர்க்காயுளையும், பழைய இரும்பின் மேல் கொஞ்சம் இரக்கத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத மைத்துனன்
பேட்டை கார்த்திகேசன்

பி.கு.: கவரை ஒட்டப் போனவன் திரும்ப வந்து எழுதுகிறேன். சந்தனம் காய்ந்து கிடக்கிறதே என்று தங்கள் தங்கை இன்றைக்கு ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்திருக்கிறாள். துடைக்கையில் ஏதோ ஒரு பட்டன் அழுந்திவிட்டது. மெஷின் இப்போது வலமாகச் சுற்றுகிறது. இடக்கட்டர் இரும்பைத் தடவிக்கொடுக்கிறது. எந்தப் பட்டன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். நானே அழுத்திப் பார்க்கலாம் என்றால், பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "தானா வலமாத் திரும்பினதை மறுபடி இடமாத் திருப்ப விடமாட்டேன். அண்ணனுக்கு எழுதுங்க, மெஷினைத் தூக்கணும்னா மொதல்ல என்னை நாற்காலியோட தூக்கிட்டுப் போவட்டும்" என்கிறாள். அவள் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன் மச்சான், சந்தோஷமாய். ஆகவே வியாபாரியைச் சென்னையிலேயே விட்டுவிட்டு, வலக்கட்டர் ஒரு செட் வாங்கிக்கொண்டு வரவும்.