நாற்பத்தொரு மூடிகள்

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். எண்ண வேண்டியதைப் பொறுக்கிவிட்டேன்.

டைரியில் இவ்வளவு எழுதியதும், ‘சிறு’ என்பதை அடித்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடியும் எழுதினான் அவன். கடற்கரைக் குப்பைக் கணக்கெடுப்பில் தற்காலிக ஊழியன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நூறு மீட்டர் மணல். தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே கிடக்கும் பிளாஸ்டிக்கை எண்ண வேண்டும், தொடக் கூடாது.

எட்டு வாரமாக எண்ணிக்கை இம்மியும் மாறவில்லை. நாற்பத்தொரு மூடிகள், பதினேழு ஸ்ட்ரா, மூன்று டூத் பிரஷ், ஒரு இடதுகால் செருப்பு. கடல் இரவில் எடுத்துப்போய், விடிந்ததும் ஒன்றுகூடக் குறையாமல் திருப்பித் தருகிறது என்று அறிக்கை எழுதியிருந்தான். மேலதிகாரி அம்மா அசந்துபோய், நாளை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் திருப்தியானால் வேலை நிரந்தரம்.

இன்றைக்கென்று பார்த்துப் பனிமூட்டம். கடலும் வானமும் ஒரே பால்நிறத்தில் கரைந்து கிடந்தன. அலை வந்ததே காலில் பட்டபோதுதான் தெரிந்தது. மூடிகள் சிப்பிகள்போல மினுங்க, குனிந்தவன் குனிந்தபடியே நடந்தான். பனி விலகியபோது தோள்பை நிறைந்திருந்தது. மணல் துடைத்துவிட்டது போலிருந்தது.

டைரியை மூடிவிட்டு, கணக்கு நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். ஒரு மூடி குறைந்தது. தன் தண்ணீர் பாட்டில் மூடியைக் கழற்றி வைத்தான். பாட்டில் சாய்ந்து நோட்டு நனைந்தது. எது எங்கே என்று குறித்ததெல்லாம் மை கரைந்து நீல மேகமாகிவிட்டது. மிச்சத்தைக் குத்துமதிப்பாகத் தூவினான்.

நடைப்பயிற்சிக் கூட்டம் ஒன்று நின்றது. முன்னால் நின்ற அம்மா ஒரு டீச்சர் என்பதை அவர் குரலே சொன்னது.

“ஏம்பா, பட்டப்பகல்ல குப்பை போடுறியே, கூச்சமா இல்ல?”

“போடலைங்க டீச்சர். திருப்பி வைக்கிறேன்.”

“எங்கேருந்து எடுத்தே?”

“இங்கேருந்துதான்.”

“அப்ப எதுக்கு எடுத்தே?”

அவன் கையில் மிஞ்சியிருந்த ஸ்ட்ராவை மணலில் வைத்தான்.

“வாங்க எல்லாரும். எப்படிப் பொறுக்குறதுன்னு தம்பிக்குக் காட்டுவோம்.”

கால் மணி நேரத்தில் கரை காலி. மூட்டையை, கரையைக் கூட்டும் துப்புரவு அக்காவிடம் ஒப்படைத்து, அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அக்கா மூட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன தம்பி, கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“நாளைக்கு மேடம் வராங்கக்கா. கடல் இதையெல்லாம் மறுபடி கொண்டாந்து போட எத்தனை நாள் ஆகுமோ.”

அக்கா மூட்டையை அவன் மடியில் வைத்தாள்.

“ஆறு மணிக்குக் கரை சுத்தமா இருக்கணும்னு எங்க மேஸ்திரி சொல்றாரு, எட்டு மணிக்கு உங்க சாமான் இருக்கணும்னு உங்க ஆபீஸ் சொல்லுது, அதான் எட்டு வாரமா அஞ்சு மணிக்குப் பொறுக்கி, ஏழரைக்கு நான்தான் திருப்பிப் போட்டுட்டிருக்கேன். நாளைக்கு எனக்கு லீவு, நீங்களே போட்டுக்கங்க.”