சம்பந்தி கேட்ட வாத்து

மதிப்பிற்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகமா என்பதை என் மனைவியிடம் கேட்டுக்கொண்டு எழுதலாம் என்று கேட்டேன். "சுகம்னே எழுதுங்க. இல்லன்னு எழுதினா அதுக்கும் நாமதான் காரணம்பாங்க" என்றாள். ஆகவே சுகம்.

போன வாரம் தாங்கள் தொலைபேசியில் எங்கள் வீட்டு ஆண் வாத்தைக் கேட்டீர்கள். "பார்க்கலாம் சம்பந்தி" என்றேன். அதைச் சம்மதம் என்று தாங்கள் எடுத்துக்கொண்டதாகப் பெண் சொன்னாள். என் மேல்தான் பிழை இருக்கும். எனக்கு நேரில் பேச வராது. எழுதினால் வரும் என்று ஒரு எண்ணம். வருகிறதா என்பதைப் படித்துவிட்டுத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். தங்களுக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து எழுதுவதற்கு மன்னிக்கவும். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே நான் சொல்வதில் சந்தேகம் வந்துவிடும்.

கல்யாணம் நிச்சயமான அன்று தாங்கள் ஒரு கூடையில் ஆண் ஒன்றும் பெட்டை இரண்டுமாகக் கொண்டுவந்து, இரண்டு வீட்டாரும் பார்க்க என் மடியில் வைத்தீர்கள். "சம்பந்தி, இது கடையில எடைக்கு வாங்குற வாத்து இல்ல. இதுக்கு வம்சம் இருக்கு. நிறம், குறி, உடல்கட்டு எல்லாம் பாத்துப் பாத்து சேத்தது. உங்கள நம்பிக் குடுக்குறேன்" என்றீர்கள். நான் தங்களை நம்பிப் பெண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். வாத்தை அதுவரை தொட்டதில்லை. கூடை வழியாக என் வேட்டி நனைந்தது. "பாத்தீங்களா, அதுக்குள்ள பழகிடுச்சு" என்று சிரித்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு தங்கள் வாத்து வளர்ப்போர் சங்கத்தின் அட்டவணையை வாங்கிப் படித்தேன். உடம்பு முழுக்க மழை மேகத்தின் சாம்பல் நீலம் இருக்க வேண்டும். நெஞ்சில், குழந்தைக்குக் கழுத்தில் கட்டும் எச்சில் துணி அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. இறக்கை நுனியில் பக்கத்துக்கு இரண்டே வெள்ளை இறகு. வேறு எங்கும் வெள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது. எல்லைக்கோடு சரியாக இருக்க வேண்டும் என்ற அளவில் இது எனக்குப் பழகிய வேலைதான் என்று தைரியம் கொண்டேன். முதல் ஈட்டு முட்டைகள் பொரித்தன. ஒன்று கரிக்கட்டை போல் கறுப்பு, ஒன்று பலமுறை துவைத்த துணி போல் வெளுப்பு, நீலமாக வந்த ஒன்றுக்கு நெஞ்சு வெள்ளை பால் பொங்கி வழிந்ததுபோல் வயிறு வரை இறங்கியிருந்தது, இன்னொன்றுக்கு வெள்ளையே இல்லை. அவை வளர்ந்தபின் தாங்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "எங்க வம்சத்துல இந்த மாதிரி கெடையாதே" என்றீர்கள். "தாய் தகப்பன் எல்லாமே உங்க வீட்டுலேருந்து வந்ததுதான் சம்பந்தி" என்று மெதுவாகத்தான் சொன்னேன். "அது சரி. ஆனா பொறந்து வளந்தது உங்க பக்கம்தானே" என்றீர்கள். அப்போது சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கை தவறி விழுந்ததாக என் மனைவி சொன்னாள். அது கை தவறி விழுந்த சத்தம் இல்லை.

நான் தங்கள் சொல்லை நம்பினேன். தண்ணீரை மாற்றினேன், தீனியை மாற்றினேன், தரையில் மணல் போட்டேன். நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் பாதிதான் நீலமாக வரும், மீதி கறுப்பும் வெளுப்புமாகப் பிரியும், அது யார் பக்கத்துக் குற்றமும் அல்ல என்று. சங்கத் தலைவரான தங்களுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்து, புத்தகத்தில்தான் அச்சுப் பிழை என்று முடிவு செய்தேன். அதற்குள் தாங்கள் கொடுத்த ஆண் வாத்துக்கு இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தது. இறக்கைக்கு இரண்டாக இருந்த வெள்ளை இறகு ஐந்தாக முளைத்தது. என் கண்ணில் கோளாறு என்று கண் மருத்துவரிடம் போனேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு பெரியவரே. உங்களுக்கு என்ன தெரியுது?" என்றார். "வெள்ளை தெரியுது டாக்டர்" என்றேன். "எங்க?" "வாத்து மேல." அவர் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, "வீட்டுல கூட யாராவது இருக்காங்களா?" என்றார். வாத்தைக் கொடுப்பதற்கு முன் மிகுதி இறகுகளைத் தாங்கள் பறித்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாமாகவே பக்கத்துக்கு மூன்றாக, கல்யாணம் நிச்சயமான வாரம் பார்த்து உதிர்ந்திருக்கலாம்.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் எழுதினால் தங்களுக்குச் சலிப்பு வரும். குளியலறைத் தொட்டி வாத்துகளுக்குப் போனது, நாங்கள் வாளியில் குளித்தோம். கூடத்தில் அடைகாக்கும் பெட்டி வந்தது, அதன் சூடு குறையக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினோம். பெட்டைகள் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தையற்காரர் வந்து, "சார், உங்க வீட்டுல தெனமும் யார் யாரத் திட்டுறாங்க?" என்று கேட்டார். இந்த இனத்தில் பெட்டைதான் தெருவுக்குக் கேட்கும்படி பேசும், ஆணுக்குத் தொண்டை கட்டினாற்போல் ஒரு கரகரப்புதான் என்று விளக்கினேன். அவர் என் மனைவியை எட்டிப் பார்த்து, "அப்ப சரி" என்று போய்விட்டார். ஒவ்வொரு ஈட்டிலும் கழிப்பதுதான் இதில் வேலையே; வளர்ப்பது பெரிதில்லை. கழுத்து குட்டை, அலகில் புள்ளி, நெஞ்சு வெள்ளை கோணல் என்று விளக்கடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, வேண்டாததை ஒதுக்குவேன். ஒருநாள் என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "நம்ம பொண்ணையும் வந்து இப்படித்தானே பாத்தாங்க" என்றாள். அன்று நான் எதையும் ஒதுக்கவில்லை. அதனால் ஒரு வருடம் வீணாயிற்று.

ஆறாவது வருடம், தாங்கள் இப்போது கேட்கிற அவன் பொரித்தான். நானே நம்பவில்லை. நிறம் சரி, திட்டு சரி, இறக்கைக்கு இரண்டு. இறகு உதிரட்டும் என்று காத்திருந்தேன், முளைத்தபோதும் இரண்டு. பயந்துகொண்டேதான் சங்கக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். கூண்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நடுவர் தாங்கள். அவனைத் தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, "இதான்யா வாத்து. மத்ததெல்லாம் சும்மா தண்ணியில மெதக்குறது" என்றீர்கள். என் வாழ்நாளில் என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அலுவலகத்தில் வரைபடம் சரியாக இருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. பிறகு எழுத்தர் வந்து கூண்டு யாருடையது என்று தங்கள் காதில் சொன்னார். தாங்கள் உடனே ஒலிபெருக்கியை வாங்கி, "பாத்தீங்களா, எங்க வம்சம்! எங்க போனாலும் ரத்தம் சொல்லும்" என்றீர்கள். கோப்பையையும் தாங்களே பெற்றுக்கொண்டீர்கள். குடும்பத்துக்குள்தானே என்று கைதட்டினேன்.

இப்போது, "வீட்டுப் பிள்ள வீட்டுக்கு வந்துடட்டும்" என்கிறீர்கள். அவனைக் கொடுத்தால் இங்கே மிஞ்சுவது நான் ஒதுக்கியவை மட்டும்தான். இன்னொருவன் வர இன்னும் ஆறு வருடம் ஆகலாம். அத்தனை வருடம் என்னிடம் இருப்பதாக மருத்துவர் யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் பெண்ணிடமும் தொலைபேசியில் சொன்னேன்.

"ஒரு வாத்துதானேப்பா" என்றாள்.

"ஒரு வாத்துதாம்மா. அங்க ஏதாவது சொல்றாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டம். நான் போனா மாமா எழுந்து போயிடுறாரு. அத்தை வேலையெல்லாம் சுவத்தப் பாத்துச் சொல்றாங்க."

"மாப்பிள்ளை?"

"அவரா? அவர் நல்லவர்ப்பா" என்றாள். "விடுங்க. நான் பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் குரல் இரவெல்லாம் காதில் இருந்தது. இருந்தும் யோசித்துப் பார்த்தேன். பெண்ணைக் கொடுத்தேன். பழியை வாங்கிக்கொண்டேன். கோப்பையையும் விட்டுக்கொடுத்தேன். என் கையால் சரியாக வந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொடுப்பதற்கில்லை என்பதைப் பணிவுடன், ஆனால் திட்டமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். இதனால் தங்களுக்கு வருத்தம் உண்டானால் அதை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள்; என் பெண்ணிடம் காட்ட வேண்டாம். இதைவிடக் கடுமையாக எழுத எனக்குத் தெரியாது. இதுவே கடுமையாகிவிட்டதோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் இருவரின் ஆசி. தங்கள் வீடும் கொட்டிலும் நிறைந்திருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போடும்போது மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். கையில் காலிக் கூடை. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். காப்பி வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. பெண் கூட வரவில்லையா என்று என் மனைவி கேட்டதற்கு, "நான் வாத்தோட போனதும் வருவா" என்றார். அவனை நானே பிடித்துக் கூடையில் வைத்து மூடியைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். தனியாக இருந்தால் தீனி எடுக்க மாட்டான் என்பதால் அவனோடு பழகிய பெட்டையையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இருப்பதில் அதுவும் நல்ல பெட்டைதான். தங்களுக்கு வேலை அதிகம். மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். கொட்டில் கழுவுகிற வேலையை மட்டும் எங்கள் பெண்ணிடம் விட வேண்டாம். சின்ன வயதிலிருந்தே இறகுள்ள எதைக் கண்டாலும் அவளுக்குப் பயம். தங்களுக்குப் பிடிக்காமல் போகும் என்று நாங்கள்தான் சொல்லாமல் இருந்துவிட்டோம். அதில் சிரமம் இருந்தால் பரவாயில்லை. அவள் பழகிக்கொள்வாள்.