கருநாகனுக்கு யாரும் பயப்படவில்லை

"உன்னை அந்தமானுக்கு நாடு கடத்திவிடுவேன்" என்று சொக்கலிங்கம் கர்ஜித்ததும் ஷாதிபூர் மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

வசனம் எழுதிய குமாஸ்தா சிவஞானம், மதுரையில் என்றோ பார்த்த நாடகங்களின் நினைப்பில் எழுதிவிட்டார். கேட்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அந்தமானில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறுதோறும் பொழுது சாய்ந்ததும் தொடர் நாடகம். கயிற்றில் தொங்கிப் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிறவன் நீலப்பருந்து. அது துறைமுகத்தில் பளு தூக்கும் உதயசூரியன். ஊரை நடுங்க வைக்க வேண்டிய கருநாகன், மரமில்லில் கட்டை சுமக்கும் சொக்கலிங்கம். நடுங்கத்தான் ஆளில்லை.

அடுத்த வாரம் சிவஞானம் வசனத்தை மாற்றினார். "காட்டுக்குள் எறிவேன், அட்டை உன் ரத்தத்தைக் குடிக்கும்." முன்வரிசைக்காரர்கள் வேட்டியைத் தூக்கி, அன்றைக்கு அட்டை கடித்த இடங்களைச் சொக்கலிங்கத்துக்குக் காட்டினார்கள். ஒருவர் கடிவாயில் தடவச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று மேடையையே கேட்டார்.

அதற்கடுத்த வாரம் இன்னும் மோசம். "உன்னைக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கே துரத்திவிடுவேன்" என்றான் சொக்கலிங்கம். கட்டிப்போட்டிருந்த இளவரசியாக நடித்த ஜெயமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எப்பண்ணே அனுப்புவ?" என்றான். கூட்டத்தில் ஒரு தெலுங்குக்காரர் எழுந்து, "பாய், முஜே பீ" என்று, தன்னையும் அனுப்பச் சொல்லி இந்தியில் கேட்டுக் கை தூக்கினார். காப்பாற்ற வந்த நீலப்பருந்து கயிற்றில் தொங்கியபடியே, "என்னையும் சேத்துக்கண்ணே" என்றது.

சிவஞானம் அன்றே சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறும் ஊர் சிரித்தால் கருநாகன் வேஷம் ராஜமாணிக்கத்துக்கு. அவனுக்கு மீசையும் உண்டு, நிஜமாகவே முன்கோபமும் உண்டு.

அந்த ஞாயிறு கழிந்து புதன்கிழமை வரப்போகிற மெட்ராஸ் கப்பலில்தான் சொக்கலிங்கத்தின் மனைவி அலமு வருகிறாள். கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்ததைவிடப் பிரிந்து இருந்ததே அதிகம். ஊருக்குப் போனவர்களிடமெல்லாம், நான் மேடையேறினால் தீவே நடுங்குகிறது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் பாதித் தூக்கத்தில்தான் நடமாடினான். கட்டையைத் தோளில் ஏற்றினால் கண் தானாகச் செருகிக்கொள்ளும். கடலும் வானமும் ஒரே வெளிர்நீலமாகிவிடும். அதில் வெள்ளைக் கப்பல் ஒன்று சத்தமில்லாமல் மிதந்து வரும். அலமு இறங்கி நேராக மைதானத்துக்கு நடந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, இவனைப் பார்த்துப் பயந்து முகத்தை மூடிக்கொள்வாள். விரலிடுக்கில் மட்டும் பார்ப்பாள். தோளிலிருப்பது மரமா மேகமா என்று அவனுக்குத் தெரியாது.

ஞாயிறன்றும் மில்லில் வேலை இருந்தது. மாலையில் முகத்துக்குக் கரி பூசக்கூடக் கை எழவில்லை. அப்போது நசீருதீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். துறைமுக ஆபீஸ் பியூன். கப்பல் வருகிற நாளை சைக்கிளில் போய் ஊருக்கெல்லாம் சொல்வதும், நாடகத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடிப்பதும் அவன்தான்.

"அண்ணே, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மெட்ராஸ் கப்பல் வராது, இனி அடுத்த மாசம்தான். அவ்வளவுதான்."

"இதுல என்ன பயம் இருக்கு?"

"சொல்லித்தான் பாருங்களேன்" என்று நசீருதீன் வேறெங்கோ பார்த்தான்.

சொக்கலிங்கத்துக்குக் கர்ஜிக்கத் தெம்பில்லை. மேடை நடுவில் நின்று, வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் குரலில் அதைச் சொன்னான்.

மைதானம் அடங்கியது. ஒரு பெண் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். வெங்காய மூட்டைகளுக்காகக் காத்திருந்த மளிகைக்கடை சேக் தாவூதின் பீடி வாயிலேயே அணைந்தது. நீலப்பருந்து கயிற்றில் இறங்க மறந்து அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. ஓரத்தில் நின்ற சிவஞானம் கைகூப்பி, கடைசி வாரம் வரை நீதான் என்று சைகை காட்டினார்.

சொக்கலிங்கத்தின் கால் தரையில் பாவவில்லை. படுதாவுக்குப் பின்னால் போனபோது விளக்கு வெளிச்சம் கடலில் பட்டு ஆடுவது போலிருந்தது. நசீருதீனின் தோளைக் கட்டிக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறு அலமு முன்னாடி உக்காந்திருப்பா, தம்பி. இதே வசனத்தை இன்னொரு தடவை சொல்லப் போறேன். எங்கிருந்துடா பிடிச்ச?"

நசீருதீன் விளக்கின் காற்றைத் திறந்துவிட்டான். வெளிச்சம் மெல்லச் சுருங்கியது.

"அது வசனம் இல்லண்ணே, ஆபீஸ்ல என்னைய ஊருக்குச் சொல்லச் சொன்ன சேதி; உங்க வாயால வந்தா எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன்."