சும்மா பொன் அரிக்கப் போனவர்

சங்கரன்கோவில் சன்னதித் தெருவில் தேங்காய் பழக் கடை வைத்திருந்தார் சண்முகையா. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, இளையரசனேந்தல் பக்கத்துப் பெண் ஒருத்தி அவரிடம் வாங்கிய தேங்காயைக் கோவில் வாசலுக்குப் போகுமுன் கை தவறிக் கல்லில் போட்டுவிட்டாள். காய் இரண்டாகப் பிளந்து உருண்டது. வேண்டுதல் காய். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சண்முகையா எழுந்து போய் ஒரு மூடியைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் குடுக்கையிலேயே கீறல் விட்ட காய் தாயி. தப்பு எம்மேலதான். உன் வேண்டுதலுக்கு ஒரு குறையும் இல்ல. இந்தா, நல்ல காயாக் கொண்டு போ."

அந்தக் காயில் கீறலே கிடையாது. அவர் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்துக் கொடுத்ததைப் பக்கத்துக் கடைத் துரைப்பாண்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு வாடகை சைக்கிள் தொழில். வாடகைக்கு ஆள் வராத நேரமெல்லாம் அண்ணாச்சியைப் பார்ப்பதுதான் வேலை. "ஏன் அண்ணாச்சி பொய் சொன்னிய?" என்று கேட்டான்.

"சும்மாத்தான் வே" என்றார் சண்முகையா.

ஆளைப் பார்த்துவிட்டீர்கள். இனி அவர் என்ன இனம் என்று சொல்லிவிடுகிறேன். பறவைகளில் காக்கை எப்படியோ அப்படி மனிதரில் எங்கும் பரவிக் கிடக்கும் ஓர் இனம் அது. சும்மாக்காரர் இனம்.

சும்மாக்காரர் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், வாலைத் தூக்குவார், சுழியைத் தேடுவார், விலை கேட்பார், விலையைக் குறைப்பார், மாட்டுக்காரன் ஒருவழியாகச் சம்மதித்துக் கயிற்றை நீட்டும்போது, "சும்மாத்தான் கேட்டேன்" என்று நகர்ந்துவிடுவார். பிறத்தியார் வீட்டு மனையைக் காலால் அளப்பார். சும்மா! ஜோசியர் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டுவார். சும்மா! வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனால் அவமானம் அல்லவா? சும்மா என்று சொல்லி வைத்தால், கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நாம் கேட்கவே இல்லை. இதைவிடப் பத்திரமான கோட்டை உண்டா?

சண்முகையா கோவிலில் கோமதி அம்பாளிடமே இப்படித்தான். கண்ணை மூடி, புற்று மண்ணை நெற்றியில் பூசி, "தாயே, நான் ஒண்ணும் கேக்கல. சும்மா கும்பிடத்தான் வந்தேன்" என்பார். ஊசிமுனையில் தவம் நின்று வரம் வாங்கிய தாயிடமே கேட்காமல் வாங்கப் பார்க்கிற சாமர்த்தியம் இது. பக்தர்களே, சிரிக்க வேண்டாம். உங்கள் வேண்டுதலையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் எல்லாச் சும்மாவும் சும்மா இல்லை. சண்டைக் காலத்தில் தேங்காய் வரத்து நின்று கடை மூடிக் கிடந்தபோது, அவர் மனைவி முத்துமாரியம்மாளின் தாலிப் பொன் அரிசியாகிப் போயிற்று. அன்று முதல் அவள் கழுத்தில் மஞ்சள் கிழங்குத் துண்டுதான். மற்ற நாளில் அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆடித் தபசுத் திருவிழா அன்று மட்டும், ஊர் உலகமெல்லாம் நகை பூட்டி வந்து நிற்கிற கூட்டத்தில், முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பாள். அடுத்த தபசுக்குள் ஒரு பொட்டுப் பொன்னாவது அந்தக் கயிற்றில் ஏற்றிவிட வேண்டும் என்பது சண்முகையாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தெருவுக்கே தெரியும்.

இந்த நிலையில்தான் பட்டாளம் கலைந்து ஊர் திரும்பிய பீர் மைதீன் டீக்கடையில் ஒரு கதையை அவிழ்த்தான்.

"பர்மாவுல நான் கண்ணால பாத்தது அண்ணாச்சி. லீவு விட்டா வெள்ளைக்கார ஆபீசர் முதுகுல பைய மாட்டிக்கிட்டு மலைக்கு நடந்துருவான். ஓடையோரம் படுப்பான், டின்னுச் சோறு திம்பான். ஒரு தட்டுல ஆத்து மணலை அள்ளிச் சுத்திக்கிட்டே இருப்பான். பொன்னு தேடுதானாம்."

"ஆபீசருக்கு என்னவே பஞ்சம்?" என்றான் துரைப்பாண்டி.

"பஞ்சமா? பொழுதுபோக்குவே! கிடைச்சாச் சரி, கிடைக்காட்டியும் சரி. சும்மா!"

அந்தச் சொல் சண்முகையாவின் காதில் மணி அடித்தது போல் விழுந்தது. வெள்ளைக்காரரிலும் நம் ஆட்கள் இருக்கிறார்களா! அன்று மாலையே, "வாசுதேவநல்லூருக்கு மேக்க மலையில சாரல் விழுதாமே. ஓடையில தண்ணி வருமே. போயிட்டு வருவமாவே? சும்மா, காத்தாட" என்று ஆரம்பித்தார். துரைப்பாண்டி சிரித்தான். அண்ணாச்சிக்குப் புத்தி பிசகிவிட்டது, துணைக்காவது போக வேண்டும் என்று நினைத்தான். துணைக்குத்தான். ஆனால் அன்று படுக்கையில், டைனமோ விளக்கு வைத்த புது சைக்கிள்கள் வரிசையாக அவன் கடை முன்னால் வந்து நின்றன. அவற்றுக்கு மணி கூட அடித்துப் பார்த்தான். சும்மாக்காரனுக்குத் துணை போகிறவன் வேறு இனம் என்றா நினைக்கிறீர்கள்?

பீர் மைதீன் தன் பட்டாளத்துப் பையை இரவல் கொடுத்தான். தட்டுக்கு எங்கே போவது? சண்முகையா அடுப்படிக்குள் புகுந்து அரிக்கஞ்சட்டியைத் தூக்கினார். அரிசியில் கல் அரிப்பதற்கென்றே உட்புறம் வரிவரியாகப் பள்ளம் வைத்துச் சுட்ட மண்சட்டி. ரேஷன் அரிசியில் பாதி கல்லாக இருந்த அந்தக் காலத்தில் தாலிக்கு அடுத்தபடியாகப் பெண்கள் காப்பாற்றி வைத்திருந்த சாமான் அதுதான்.

"அது எதுக்கு?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"சும்மா, போற எடத்துல சோறு பொங்க."

"அதுல சோறா பொங்குவாக?" என்று அவள் கேட்டபோது அவர் தெருவில் இருந்தார்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில், முதுகில் பையும் பையின் மேல் ஆமை ஓடு போலச் சட்டியுமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு கிழவர், "சட்டி என்ன விலைக்குக் குடுக்கிய?" என்று கேட்டார். விற்பதற்கில்லை என்றார் சண்முகையா. கிழவர் விரலால் சுண்டிப் பார்த்து, வரியைத் தடவிப் பார்த்து, விலையும் சொல்லி, கடைசியில், "சும்மாத்தான் கேட்டேன்" என்று திரும்பிக்கொண்டார். சண்முகையாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

மலையடிவாரத்து ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர், பாக்கு நிறத்தில் மணல். சண்முகையா வேட்டியை வரிந்து கட்டிக் குத்தவைத்தார். வீட்டில் ஒரு நாளும் அரிசி களைந்தவரில்லை. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து களைவதைப் பார்த்திருக்கிறார். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் இலையை விட்டு எழுந்து, "அரிக்கத் தெரியாதா?" என்று கேட்ட வாய் அது. இப்போது முத்துமாரியம்மாள் செய்வது போலவே மணலை அள்ளினார், தண்ணீர் மொண்டார், சட்டியைச் சாய்த்து மெல்ல ஆட்டினார். அவள் செய்வது போலவே, தண்ணீரோடு மேலாக வழிந்து வந்ததைத் துரைப்பாண்டி விரித்துப் பிடித்த துண்டில் பத்திரமாக ஏந்தினார். அவள் செய்வது போலவே, சட்டியின் அடியில் தங்கியதை, "சீ, சனியன்" என்று தூர வீசி எறிந்தார். காலையில் வந்தவர்கள் வெயில் சாயும் வரைக்கும் இதே வேலை. எறிந்தது கையில் ஒட்டிக்கொண்டால் துடைத்தும் எறிந்தார். துண்டில் ஒரு குன்று மணல் சேர்ந்தது. இடுப்பு கழன்றது. பொன் இல்லை.

"பொறுமை வேணும்வே. நாம என்ன பிழைப்புக்கா வந்தோம்? சும்மாத்தானே" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாயங்காலம் துரைப்பாண்டி சோறு பொங்க ரேஷன் அரிசியை அதே சட்டியில் போட்டு அரித்தான். அரிசி வழிந்து பானைக்குள் போயிற்று. அடியில் கறுப்புக் கற்கள் வரிப் பள்ளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றைக் கொட்டப் போன கை அப்படியே நின்றது.

"அண்ணாச்சி."

"என்னவே?"

"கனமான சாமான் சட்டியில எங்க தங்கும்?"

"அடியில. இது ஒரு கேள்வியா?"

"பொன்னு கனமா, லேசா?"

சண்முகையா எழுந்து நின்றார். ஓடையைப் பார்த்தார். காலையிலிருந்து சனியன் என்று திட்டி எறிந்ததெல்லாம் எந்தப் பக்கம் விழுந்தது என்று கண்ணால் தேடினார். தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நேரமும் பொன்னத் தூரப் போட்டுட்டு உமிய அள்ளிக் கட்டியிருக்கோம் அண்ணாச்சி!"

"ஏலே, கத்தாத. மலையில நரி சிரிக்கும்."

மறுநாள் முறையாக அரித்தார்கள். அடியில் கரிய மணல் தங்கிற்று. அதற்குள் மினுமினுவென்று துளித் துளியாய் ஒரு மினுக்கம். சண்முகையா குனிந்தார். ஒரு துளியை நகத்தில் எடுத்து வெயிலில் காட்டினார். அது ஏடு ஏடாக உரிந்தது. காக்காப்பொன். கொலு பொம்மைக்கு ஒட்டுவார்களே, அந்த ஒன்றுக்கும் உதவாத அப்பிரகம். இரண்டு பேருக்குமே அது என்னவென்று தெரியும். சண்முகையா துண்டின் முனையில் அதைப் போட்டு இறுக்கி முடிந்தார்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

"ஆமா, இருக்கட்டும்" என்றான் துரைப்பாண்டி. ஒரு சிட்டிகை தன் மடியிலும் போட்டுக்கொண்டான்.

வீடு திரும்பியபோது முத்துமாரியம்மாள் சுளகில் அரிசியைப் பரப்பி ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டியை வாங்கி உள்ளே விரலை விட்டாள். ஓடைக் கல் உரசி வரியெல்லாம் மழுங்கிப் போயிருந்தது.

"எங்க போயிருந்திய?"

"சும்மா, மலைப்பக்கம்."

"சும்மா போறவுக சட்டியத் தேச்சா கொண்டு வருவாக?" துண்டின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். "இது காக்காப்பொன்லா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கட்டிட்டு வந்திய?"

அவர் கூரையைப் பார்த்தார். வாசலில் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த துரைப்பாண்டிக்குத்தான் பொறுக்கவில்லை. "மதினி, அண்ணாச்சி அங்கன குனிஞ்ச தலை நிமிரல. தபசுக்குள்ள உங்க கழுத்துக்கு ஒரு பொட்டாவது..."

"ஏலே! உன் கடையத் தெறக்க நேரமாகலையா?" என்று பாய்ந்தார் சண்முகையா. "நான் சும்மாத்தான் போனேன்னு சொல்லுதேன்லா!"

முத்துமாரியம்மாள் சுளகை ஓரமாக வைத்தாள். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவர் சாப்பிட்ட சோற்றில் நிறையக் கல் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கினார்.

ஆடித் தபசு வந்தது. தெருவெல்லாம் தலைகள். தூணுக்குப் பின்னால் நிற்கிறவள் இந்த வருஷம் தூணுக்கு முன்னால் நின்றாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. அடுத்த வீட்டு மாரித்தாய் தன் அட்டிகையைத் தடவிக்கொண்டே, "என்னக்கா, இன்னும் மஞ்சள்தானா?" என்றாள்.

"மஞ்சள்தான்" என்றாள் முத்துமாரியம்மாள், பக்கத்தில் நாலு பேருக்குக் கேட்கும்படி. "எங்க வீட்டு ஆளு எனக்குப் பொன்னு தேடி மலையேறி, ஓடையில பொம்பள மாதிரி குத்தவச்சு மண்ணு அரிச்சிட்டு வந்தாக. கிடைக்கல. உங்க வீட்டு ஆளு உனக்காக எங்கட்டி போனாக?"

மாரித்தாயின் புருஷன் கோபுரத்து உச்சியைப் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த மற்றப் புருஷர்களும் பார்த்தார்கள். கூட்டத்தில் நின்ற சண்முகையாவோ, காது மடல் வரை சிவந்து போய், "நான் சும்மால்லா போனேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சன்னதித் தெருவில் அரிக்கஞ்சட்டிகள் காணாமல் போயின. வாசுதேவநல்லூர் பஸ்ஸில் சட்டியும் கையுமாக நின்றவர்களை எங்கே என்று கேட்டால், "சும்மா, ஒரு வேலையா" என்றார்கள். ஊரே கல்லுச் சோறு தின்றது.

தாலிக்குப் பொன் தேங்காய் விற்றே வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சண்முகையா தூத்துக்குடிக்கு, அங்கே கட்டிக்கொடுத்த மகள் வீட்டோடு போய்விட்டார். ரயிலடிக்கு வழியனுப்பப் போனவன் துரைப்பாண்டி ஒருவன்தான். அதற்குமேல் இருவரும் சந்திக்கவில்லை.

அவர் அன்று சொன்னதைச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்களே, முதல் நாள் அடியில் தங்கியதில் உண்மையாகவே பொன் இருந்திருக்குமோ என்று நடுவில் ஒரு நிமிஷம் உங்களுக்குத் தோன்றவில்லை? வாசுதேவநல்லூருக்கு மேற்கே அது எந்த ஓடை என்று தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கவில்லை? சும்மாத்தான் நினைத்தீர்கள். எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு அடுப்படியில் அரிக்கஞ்சட்டி இருக்கிறதா என்று இன்று ஒருமுறை பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

ரயில் ஊதி நகரத் தொடங்கியபோது, சண்முகையா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டித் துரைப்பாண்டியைக் கிட்டே கூப்பிட்டார். முத்துமாரியம்மாளின் காதில் விழாதபடி சொன்னார்:

"அன்னைக்கு நாம ஓடையில இன்னும் ஒரு வளைவு மேல போயிருக்கணும்வே."