சீமெண்ணெய் பிரிட்ஜும் ரெண்டு டப்பாவும்

பிரிட்ஜோட குடல உருவிப் பாத்துரணும்னு ஒரு ஞாயித்துக்கெழம காலையில லிங்கராஜ் அண்ணாச்சி முடிவெடுத்தாரு.

தூத்துக்குடியில பழைய சாமான் கடை வச்சிருக்கவரு. நாசரேத்துல ஒரு பழைய பங்களாவுலேர்ந்து அவருக்கு வந்த சீமெண்ணெய் பிரிட்ஜ் அது. கரண்டு கெடையாது, மோட்டார் கெடையாது. கீழ விளக்கு எரியும், மேல ஐஸ் கட்டும். தீயிலேர்ந்து ஐஸ் எடுத்தவன் மனுசனே இல்ல, தெய்வம்னு வாரவன் போறவனையெல்லாம் இழுத்து இழுத்துக் காட்டுனாரு. இப்ப அதுக்குப் பின்னால இருக்க குழாய அறுத்து, உள்ள என்ன மாயம் இருக்குன்னு தெரிஞ்சாகணும்.

உள்ள இருக்கது அமோனியா. அவரு வீட்டுக்காரி அனுசியா எறால் கம்பெனியில வேல பாக்கா. அங்க ஐஸ் போடுறதும் அதே கேஸுதான். கண்ணுல பட்டா பார்வ போயிரும், நெஞ்சுல ஏறுனா ஆளே போயிரும், கேஸ் மெக்கானிக் ஜோன்ஸக் கூப்பிடுங்கன்னு சொன்னா. வெறும் பெட்டிய எனக்குக் குடுத்துருங்க, சக்கரை வியாதிய வச்சுக்கிட்டு இனிப்புக்கு அலையுத உங்க கண்ணுல படாம மக்ரூன ஒளிச்சு வைக்க எடமில்லன்னும் சொன்னா.

"ஏளா, திரேஸ்புரத்துல வளந்த மூக்கு இது. கருவாட்டுக் குடோன்ல படுத்துத் தூங்குனவன் நான். என்னைய கேஸ் என்ன செய்யும்?"

"அப்ப சரிங்க."

அங்கனயே அவரு சுதாரிச்சிருக்கணும்.

அனுசியா அவரு வெத்தலப் பெட்டியிலேர்ந்து கொஞ்சம் சுண்ணாம்ப வழிச்சா. தேள்கடிக்கு வச்சிருந்த நவச்சாரத்துல ஒரு துணுக்கு சேத்துக் கொழச்சா. காலி மக்ரூன் டப்பாவுல போட்டு மூடிக் கொண்டாந்தா.

"அறுக்கதுக்கு முன்னால இதக் கொஞ்சம் மோந்து பாருங்க. தள்ளி வச்சு."

தள்ளியாவது. டப்பாவத் தொறந்து மூக்க உள்ளயே விட்டாரு.

முத்துக் குளிச்சு மேல வாரவன் மாதிரி வாயத் தொறந்துக்கிட்டு மூச்சத் தேடுனாரு. கண்ணுத் தண்ணி சட்டைய நனச்சிட்டுது.

"சுண்ணாம்பும் நவச்சாரமும் சேந்தா வாரது இந்தச் சிட்டிக அமோனியா. அந்தக் குழாய்ல இதத்தான் அழுத்தி அடச்சு வச்சிருக்கான்."

"ஜோன்ஸக் கூப்பிடு"ன்னாரு. சத்தம் வரல, வாய் மட்டும் அசஞ்சுது.

"இப்பிடித்தான் செய்வீங்கன்னு தெரியும், நேத்தே கூப்பிட்டாச்சு. வாசல்ல நிக்காரு."

ஜோன்ஸ் குழாய அறுக்கல. திருகக் கழத்தி, முழுசா ஐஸ் கம்பெனிப் பொட்டலுக்குக் கொண்டு போனாரு. முகமூடி போட்டாரு, காத்துக்கு முதுகு காட்டி நின்னாரு, பக்கத்துல ஒருத்தனும் பீடி பத்த வைக்கக் கூடாதுன்னுட்டாரு. குழாய்ல வால்வ மாட்டி, ரப்பர் ஓஸ் நுனிய டிரம் தண்ணிக்குள்ள விட்டாரு. அண்ணாச்சி தூரத்துல நின்னு பாத்தாரு. ஆளக் கொல்லுற கேஸ், உப்பு கரையுத மாதிரி தண்ணிக்குள்ள கரஞ்சு போச்சு. அண்ணாச்சி கை தன்னால கும்பிட்டுச்சு. கடைசியில குழாய்லேர்ந்து வந்த மஞ்ச நெறத் தண்ணி, துருப்பிடிக்காம இருக்கப் போட்ட மருந்து கலந்த வெசமாம், மண்ணுல ஊத்தக் கூடாதாம். அதையும் டிரம்மையும் மூடி, வெசக் கழிவுக்குன்னு இருக்க கம்பெனிக்கு அனுப்பிட்டாரு.

வெறும் பெட்டி அடுப்படிக்குப் போயிட்டுது.

மறுநா மத்தியானம் அனுசியா வேலைக்குப் போனதும் அண்ணாச்சி பையப் பைய பெட்டியத் தொறந்தாரு. பூட்டு கெடையாது. ஒரே மாதிரி ரெண்டு டப்பா இருந்துது. ஒண்ணுல மக்ரூன். இன்னொண்ணுல என்னன்னு அவரு மூக்குக்கு நல்லாவே தெரியும்.

எதுல எதுன்னுதான் தெரியல.